ராடியன் 2 மீட்டர் கிளைடர்: இராமநாதபுரம் கடற்கரைக் காற்றுக்கு ஒத்துவருமா?

ரேடியோ கன்ட்ரோல் கிளைடர் பழக வருபவர்களுக்கு உலகம் முழுக்கச் சிபாரிசு செய்யப்படும் மாடல்களில் ராடியன் முக்கியமானது. ஹொரைசன் ஹாபி நிறுவனம் முதலில் பார்க்ஸோன் பெயரிலும் பிறகு ஈ-ஃப்ளைட் பெயரிலும் விற்ற நுரை கிளைடர் இது. நல்ல மாடல் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அது பேர் வாங்கியது காற்று அடங்கிய புல்வெளிகளில். தொண்டி, தேவிபட்டினம், ஏர்வாடி, வாலிநோக்கம், சாயல்குடி என்று நீளும் நம் கரையில் அதே விமானம் எப்படி நடந்துகொள்ளும் என்பது தனிக் கேள்வி. இங்கே மலைச்சரிவு கிடையாது, உப்புக்காற்று உண்டு, பகல் ஏறினால் கடற்காற்று பிடித்துவிடும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: ராடியன் காலை நேரத்து விமானம். விடிந்ததிலிருந்து பத்து, பத்தரை மணி வரை பறக்கவிடத் தயாராக இருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். வேலை முடிந்து மாலை நாலரை மணிக்குக் கடற்கரையில் நின்று பறக்கவிட வேண்டும் என்பவர்கள் வாங்க வேண்டாம். ஏன் என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும்.

இறக்கை முனைக்கு முனை 2 மீட்டர். நீளம் 1.14 மீட்டர். பேட்டரியோடு சேர்த்து எடை 850 கிராம் அளவில் நிற்கும். மூக்கில் 480 அளவு பிரஷ்லெஸ் மோட்டார், 960 கேவி (சுமையில்லாமல் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 960 சுற்று). மடங்கும் ப்ரொப்பெல்லர் 9.75 × 7.5 அங்குலம். மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் இஎஸ்சி, 3 செல் 1300 எம்ஏஎச் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி. வாலில் திசை திருப்பும் ரட்டர், மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் இரண்டு மட்டும். இறக்கையில் அசையும் பாகமே இல்லை. இறக்கை நடுவில் ஒரு மடிப்பும் முனைப்பக்கம் இன்னொரு மடிப்புமாக மேல்நோக்கி வளைந்திருப்பதால், ரட்டரைத் தள்ளினால் தானே சாய்ந்து திரும்பும், விட்டுவிட்டால் தானே நிமிரும். பழகுபவருக்கு இதைவிட நல்ல குணம் வேறில்லை. கை தடுமாறினால் ஸ்டிக்கை விட்டுவிடுங்கள், விமானம் சமாளித்துக்கொள்ளும்.

அதன் மெதுவான பறத்தல்தான் அதன் அழகு. மோட்டாரை நிறுத்திவிட்டு மிதக்கவிட்டால் மணிக்கு 25 முதல் 30 கி.மீ. வேகத்தில் போகும். மேலே போகும் வெப்பக்காற்றின், அதாவது தெர்மலின், ஓரத்தைத் தொட்டால் ஒரு பக்க இறக்கை முனை மெல்ல எழும்பும், மூக்கு லேசாகத் தடுமாறும். கனமான, விறைப்பான கிளைடர்களில் இந்த அசைவைப் பிடிக்க வருடக்கணக்கில் பழக வேண்டும். ராடியனில் புதியவர்கூடப் பார்த்துவிடலாம். எழும்பிய முனை இருக்கும் பக்கமே திரும்புங்கள். இருபது மீட்டர் விட்டத்தில் ஒரு வட்டம் போட்டுப் பார்த்து, வட்டத்தின் எந்தப் பாதியில் ஏறுகிறது, எந்தப் பாதியில் இறங்குகிறது என்று கவனித்து, ஏறும் பக்கமாக வட்டத்தையே தள்ளிக்கொண்டு போனால் தெர்மல் கைக்குள் வந்துவிடும்.

அதே மெதுவான வேகம்தான் நம் கரையில் அதற்குப் பலவீனம். எதிரே மணிக்கு 30 கி.மீ. காற்று அடித்தால் விமானம் இருந்த இடத்திலேயே நிற்கும். கொஞ்சம் கூடினால் பின்னோக்கிப் போகும். சிலர் உள்ளே ஈயக்கட்டி வைத்து எடையைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று சொல்வார்கள். வேகம் எடையின் வர்க்கமூலத்தைப் பொறுத்துத்தான் கூடும். 100 கிராம் சேர்த்தால் வேகம் கூடுவது 6 சதவீதத்துக்குள். 200 கிராம் சேர்த்தால் 11 சதவீதம். அதாவது 30 கி.மீ. வேகம் 33 ஆகும், அவ்வளவுதான். அதற்குப் பதிலாக இறக்கையின் நடுக்குழாய் தாங்கும் பாரம் ஏறிவிடும். இந்த மாடலுக்கு ஈயம் வேண்டாம். காற்று கூடினால் பெட்டியில் வைத்து மூடுவதுதான் சரி. கையில் காற்றுமானி இருந்தால் மணிக்கு 15 கி.மீ. வரை நிம்மதி, 20 வரை பழகியவர்களுக்கு, அதற்கு மேல் யாருக்கும் வேண்டாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையில் 15 காட்டினால் 100 மீட்டர் உயரத்தில் அதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். மேலே போன பிறகு விமானம் திடீரென்று நகர மறுப்பதற்கு இதுதான் காரணம்.

காற்றின் திசை வேகத்தைவிட முக்கியம். மீனவர்கள் பாக் நீரிணைப் பக்கத்தை வடகடல் என்றும் மன்னார் வளைகுடாப் பக்கத்தை தென்கடல் என்றும் பிரித்துச் சொல்வதில் கிளைடர்காரருக்கும் பாடம் உண்டு. ஆனி, ஆடி மாதக் கச்சான் தென்மேற்கிலிருந்து வருவது. தொண்டி, எஸ்.பி.பட்டினம் பக்கம் நின்றால் அது நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கும். மேலே போன விமானம் தெர்மலோடு நகர்ந்து தண்ணீருக்கு மேல் போய்விடும். திரும்பி வர எதிர்க்காற்று. வாடைக் காலத்தில் இது தலைகீழ்: வடகடல் கரையில் காற்று கடலிலிருந்து நிலத்துக்கு, வாலிநோக்கம், மூக்கையூர் பக்கம் நிலத்திலிருந்து கடலுக்கு. எனவே எந்தக் கரையில் நிற்கிறோமோ அங்கே காற்று முகத்தில் கடல் வாசனையோடு அடித்தால் மட்டும் பறக்கவிடுங்கள். முதுகில் அடித்தால் அன்றைக்குக் கரையை விட்டு உள்ளே போய்விடுவது நல்லது. சந்தேகமாக இருந்தால் வலை உலர்த்திக்கொண்டிருக்கும் ஒருவரிடம் கேளுங்கள். காற்று எத்தனை மணிக்குத் திரும்பும் என்பதைக் கைப்பேசிச் செயலியைவிட அவர் சரியாகச் சொல்வார்.

மாசி, பங்குனிதான் ராடியனுக்கு இங்கே பொன்னான மாதங்கள். வாடை தணிந்திருக்கும், கச்சான் இன்னும் வந்திருக்காது, கண்மாய்களில் பெரும்பாலானவை வற்றித் தரை வெடித்துக் கிடக்கும். அந்தக் காய்ந்த கண்மாய்த் தரை எட்டரை மணிக்கே சூடேறத் தொடங்கும். சுற்றிலும் சீமைக் கருவேலக் காடு நிழலோடு குளிர்ச்சியாக இருக்க, நடுவில் வெறும் மண் சுடுவதால், எல்லைக்கோட்டில் தெர்மல் கிளம்பும். கரும்பருந்தும் செம்பருந்தும் இறக்கை அடிக்காமல் வட்டமிடும் இடத்தைக் குறித்துக்கொண்டு அதற்குக் கீழே, காற்று வரும் பக்கமாகக் கொஞ்சம் தள்ளிப் போய்த் தேடுங்கள். பருந்து 150 மீட்டரில் இருந்தால் தெர்மலின் அடிப்பகுதி அதற்கு நேர்கீழே இருக்காது, காற்று வரும் பக்கமாகத் தள்ளி இருக்கும்.

உப்பளங்களைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு. வெயிலில் கண்ணைக் கூசுவதால் அங்கே நல்ல தெர்மல் இருக்கும் என்று நினைக்கிறார்கள். வெள்ளை உப்பு வெயிலைத் திருப்பி அனுப்புகிறது, பாத்தித் தண்ணீர் ஆவியாகிக் குளிர்விக்கிறது. இரண்டும் தெர்மலுக்கு எதிரி. பாத்தி வரப்புகளும் ஓரத்துச் செம்மண் பாதைகளும் மட்டுமே கொஞ்சம் கைகொடுக்கும். தவிர வெள்ளைத் தரைமேல் வெள்ளை விமானத்தின் உயரத்தைக் கணிப்பதும் கஷ்டம். உப்பளத்தில் இறங்கிய மாடலின் கதி பற்றிக் கீழே வருகிறது.

கடற்காற்று வந்துவிட்ட பிறகு கரையோரம் தெர்மல் இருக்காது. கடல்மேல் குளிர்ந்த காற்று தரையோடு படர்ந்து சூட்டை அடக்கிவிடும். ஆனால் அந்தக் குளிர்காற்றின் முன்விளிம்பு, உள்நாட்டுச் சூடான காற்றை மேலே தள்ளிக்கொண்டே மெல்ல உள்ளே நகரும். அந்த விளிம்பு எங்கே இருக்கிறதோ அங்கே நீளமான ஏறுகாற்று உண்டு. கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே ஒரு காய்ந்த கண்மாயில் நின்றால், பதினோரு மணிவாக்கில் பருந்துகள் ஒரே வரிசையில் ஏறுவதைப் பார்க்கலாம். பத்து நிமிடம் அந்த வரிசையோடு பறந்துவிட்டு, காற்று சட்டென்று குளிர்ந்து வேகம் பிடித்ததும் இறக்கிவிட வேண்டும். அந்த நேரத்தில் இன்னும் ஒரு தடவை என்று ஆசைப்பட்டால் விமானம் கருவேலக் காட்டுக்குள்தான் இறங்கும். நுரையில் கருவேல முள் இரண்டு அங்குலம் ஏறும். அதை இழுத்தால் நுரை பிய்ந்து வரும். முள்ளை வெட்டிவிட்டு, பிறகு குறடால் பிடித்து நேராக உருவுங்கள்.

எங்கே பறக்கவிடுவது என்பதில் சட்டம் ஒத்துழைக்க வேண்டும். 2021 ட்ரோன் விதிகளின் கீழ், பொழுதுபோக்குக்காகக் கண்பார்வைக்குள் இயக்கும், 25 கிலோவுக்கு மேற்படாத மாடல்கள் தனி வகை. 2 கிலோ வரை வணிக நோக்கமின்றிப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில் உயர வரம்பு 400 அடி, அதாவது 120 மீட்டர். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரை அது 200 அடியாகக் குறையும். நமக்கு உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானத் தளம் இருக்கிறது. அதனால் அரியமான் கடற்கரை எவ்வளவு வசதியாகத் தெரிந்தாலும் அங்கே அனுமதியில்லாமல் எடுத்துப் போகாதீர்கள். மண்டபம், பாம்பன், இராமேஸ்வரம், தனுஷ்கோடி பக்கமும் பாதுகாப்புக் காரணங்களால் ஆசைப்படாமல் இருப்பது நல்லது. ஒவ்வொரு முறையும் அரசின் டிஜிட்டல் ஸ்கை ட்ரோன் வரைபடத்தில் இடத்தைப் பார்த்து, உள்ளூர் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது பல தொல்லைகளைத் தவிர்க்கும். தென்கடலில் தீவுகள் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. அங்கே விழுந்த மாடலை எடுக்கப் போக முடியாது. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை கண்மாய்கள் பறவைகள் சரணாலயங்கள். அங்கே கிளைடருக்கு வேலையே இல்லை.

இனி விமானத்துக்கு வருவோம். பெட்டியிலிருந்து எடுத்துப் பூட்டுவது எளிது: கார்பன் குழாயை உடலுக்குள் நுழைத்து இரண்டு இறக்கைகளையும் செருகுவது, வால் பலகையைப் பின்பக்கப் பிளவில் செருகி டேப் ஒட்டுவது, கம்பிகளை மாட்டுவது. ஆனால் நம் ஊர்ச் சூட்டில் அந்தத் தெளிவான டேப்பின் பசை இளகிவிடும். முதல் வெயில் நாளிலேயே ஓரம் எழும்பியிருக்கும். அதை நம்பாமல், நார் ஓடும் ஃபைபர் டேப்பை ஒட்டுங்கள். ஒட்டும் இடத்தை முதலில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள், கைரேகை எண்ணெய் இருந்தால் எந்த டேப்பும் நிற்காது. இறக்கைகள் சந்திக்கும் நடுக்கோட்டின் அடிப்பக்கமும் ஒரு பட்டை வேண்டும்.

சமநிலைப் புள்ளி, உடலோடு சேரும் இடத்தில் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 65 மி.மீ. சுற்றி. பேட்டரியை முன்பின் நகர்த்திச் சரிசெய்யலாம். நீண்ட நேரம் பறக்கலாம் என்று 2200 எம்ஏஎச் பேட்டரி போடுபவர்கள் 70 கிராம் போல மூக்கில் கூட்டுகிறார்கள். பேட்டரியைப் பின்னால் தள்ள இடமில்லை, அதனால் எப்போதும் எலிவேட்டரை மேலே பிடித்துக்கொண்டே பறக்கும், தெர்மலின் சிறு அசைவும் தெரியாது. 1300 போதும். முழு வேகத்தில் 20 ஆம்பியர் போல இழுக்கும். 120 மீட்டர் ஏற 25 விநாடி என்றால் ஒரு ஏற்றத்துக்கு 140 எம்ஏஎச்சுக்குள்தான் செலவு. 80 சதவீதம் மட்டும் பயன்படுத்தினாலும் ஏழு ஏற்றம் கிடைக்கும். ஒரு காலைக்கு இரண்டு பேட்டரி தாராளம்.

சமநிலை சரியா என்று காற்றில் பார்க்க ஒரு வழி: 100 மீட்டரில் மோட்டாரை நிறுத்தி, நேராகப் பறக்கும்போது மூக்கை 30 பாகை கீழே சாய்த்து ஸ்டிக்கை விடுங்கள். சட்டென்று நிமிர்ந்து மேலே பாய்ந்தால் மூக்கு கனம், பேட்டரியை 5 மி.மீ. பின்னால் தள்ளுங்கள். இன்னும் செங்குத்தாகக் குத்தினால் வால் கனம், உடனே மீட்டு இறக்கிவிட்டுப் பேட்டரியை முன்னால் கொண்டு வாருங்கள். மெல்ல, நீண்ட வளைவில் நிமிர்ந்தால் சரி. இந்தச் சோதனையை மூன்று விநாடிக்கு மேல் நீட்டாதீர்கள்.

மூன்று விநாடி என்பது சும்மா சொன்ன கணக்கில்லை. ராடியனின் பெரிய குறை பாய்ச்சல் தாங்காதது. கார்பன் குழாய் இறக்கையின் உட்பகுதியை மட்டுமே தாங்குகிறது. வெளிப்பகுதி வெறும் நுரை. வேகம் கூடினால் முனைகள் நடுங்கத் தொடங்கும், முறத்தில் அரிசி புடைப்பது போன்ற படபடப்புச் சத்தம் தரைக்கே கேட்கும். அந்தச் சத்தம் கேட்டதும் எலிவேட்டரை இழுத்தால் இறக்கை மடிந்து முறியும். மோட்டாரைத் தொடாமல், மிகச் சிறிதாக, பொறுமையாக நிமிர்த்த வேண்டும். முன்னெச்சரிக்கையாக இறக்கையின் அடிப்பக்கம் வேரிலிருந்து நுனி மடிப்பைத் தாண்டி 10 செ.மீ. வரை ஃபைபர் டேப் ஒரு பட்டை ஒட்டுங்கள். மேலே போகும் விசையில் இழுபடுவது அடிப்பக்கம்தான், அதனால் டேப் அங்கேதான் வேலை செய்யும். எடை சில கிராம்தான் கூடும், விறைப்பு நன்றாகத் தெரியும்.

இதோடு தொடர்புடைய இன்னொன்று: இறங்குவது. வேகத்தைக் குறைத்து இறக்க உதவும் இறக்கைப் பலகைகளான ஸ்பாய்லர், ஃப்ளாப் எதுவும் கிடையாது. பலமான தெர்மலில் மாட்டிக்கொண்டு 120 மீட்டர் வரம்பைத் தாண்டிப் போகிறது என்றால், புதியவர்கள் மூக்கைக் குத்துவார்கள். மேலே சொன்ன முறிவு அங்கேதான் நடக்கிறது. வட்டமிட்டுக்கொண்டே மூக்கைத் தாழ்த்துவது இன்னும் மோசம், சுழன்று வேகம் ஏறிக்கொண்டே போகும். 100 மீட்டரிலேயே வட்டத்தை நிறுத்தி, நேராக, எலிவேட்டர் டிரிம்மை இரண்டு மூன்று கிளிக் மட்டும் கீழே வைத்து, காற்றுக்கு எதிராகத் தெர்மலை விட்டு வெளியேறுங்கள். ஒவ்வொரு தெர்மலைச் சுற்றியும் இறங்குகாற்று இருக்கும். அதைத் தேடிப் போங்கள்.

மோட்டாரை முழுக்கக் கொடுத்தால் மூக்கு மேலே தூக்கும் குணம் உண்டு. டிரான்ஸ்மிட்டரில் த்ராட்டிலோடு (மோட்டார் வேக ஸ்டிக்) எலிவேட்டரைச் சிறிது கீழே கலக்கும் மிக்ஸ் போட்டுவிடுங்கள். 5 சதவீதத்தில் தொடங்கிக் கூட்டிப் பாருங்கள். கையால் எறியும்போது முக்கால் த்ராட்டில், தரைக்கு இணையாக, காற்றுக்கு நேர் எதிரே. வானத்தைப் பார்த்து எறிந்தால் வேகம் பிடிக்கும் முன்பே தொய்ந்து இடது அல்லது வலது முனையில் விழும்.

இஎஸ்சியில் பிரேக் ஆன் செய்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மோட்டாரை நிறுத்திய பிறகும் ப்ரொப்பெல்லர் காற்றில் சுழன்றுகொண்டே இருக்கும், மடங்காது. மிதக்கும் தூரம் குறைவதோடு இறங்கும்போது இரண்டு இலையும் தரையில் அடித்து மோட்டார் தண்டு வளையும். ரேடியோ தொடர்பு அறுந்தால் செயல்படும் ஃபெயில்சேஃபில் மோட்டார் நிற்கும்படி வையுங்கள். கம்பியை ரட்டரோடும் எலிவேட்டரோடும் இணைக்கும் பிளாஸ்டிக் கிளெவிஸ் நழுவாமல் இருக்க ஒவ்வொன்றின்மீதும் 5 மி.மீ. சிலிக்கான் குழாய்த் துண்டு போடுங்கள். இரண்டு ரூபாய்ச் செலவில் ஒரு விமானம் தப்பும். பழைய ஸ்பெக்ட்ரம் ரிசீவர் கெட்டுப்போனால் நம்மூரில் சுலபமாகக் கிடைக்கும் ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 டிரான்ஸ்மிட்டரும் எஃப்எஸ்-ஐஏ6பி ரிசீவரும் நன்றாகப் பொருந்தும். உடலுக்குள் ஆண்டெனாக்களை ஒன்றுக்கொன்று செங்குத்தாக, பேட்டரிக்கும் கார்பன் குழாய்க்கும் தள்ளி ஒட்டுங்கள். கார்பன் ரேடியோ அலையை மறைக்கும்.

உப்பு இந்த மாடலை மெதுவாகத் தின்னும். உடலுக்குள் ஓடும் எஃகுக் கம்பி வெளியே எட்டிப்பார்க்கும் கடைசி இரண்டு செ.மீ.தான் முதல் பலி. பழுப்புப் புள்ளி தெரிந்த அன்றே எடுத்து நைசான உப்புக்காகிதத்தால் தேய்த்து, ஒரு சொட்டு மெஷின் ஆயில் விடாவிட்டால், துரு குழாய்க்குள் இறங்கி எலிவேட்டர் விட்டு விட்டு நகரும். நகரும்போது கம்பியை அசைக்கும் சின்ன மோட்டாரான சர்வோ கொஞ்சமாக முனகும்; அந்த முனகல் கேட்டாலே கம்பியைப் பாருங்கள். எண்ணெய் நுரைமேல் படக்கூடாது, பட்ட இடத்தில் டேப் ஒட்டாது. பேட்டரி கனெக்டரில் பச்சையாகப் பூத்தால் தொடர்புத் தடை கூடி, முழு த்ராட்டிலில் கனெக்டர் சுடும். பறத்தல் முடிந்ததும் நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் முழு விமானத்தையும் துடைத்து, நிழலில் காயவைத்துப் பெட்டியில் வையுங்கள்.

கடலிலோ உப்பளப் பாத்தியிலோ இறங்கிவிட்டால் செய்ய வேண்டியது வேகமாகச் செய்தால்தான் பலன். முதலில் பேட்டரியைக் கழற்றித் தனியாக, திறந்த வெளியில் வையுங்கள். உப்புநீர் உள்ளே போன லிப்போவைத் திரும்ப சார்ஜ் செய்யக்கூடாது. மோட்டார், இஎஸ்சி, ரிசீவரை நல்ல தண்ணீரில் அலசி, பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் அலசி, மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் காயவையுங்கள். மோட்டார் பேரிங்கில் ஒரு சொட்டு எண்ணெய். சர்வோக்களை மாற்றிவிடுங்கள், அவை திரும்ப வேலை செய்தாலும் நம்ப முடியாது.

வெயிலில் நிறுத்திய காருக்குள் இந்த மாடலை ஒருபோதும் வைக்காதீர்கள். நுரை இளகி இறக்கை முறுக்கிக்கொள்ளும். பேட்டரியும் ஊதிப்போகும். முறுக்கிய இறக்கையைச் சரிசெய்ய வழி இருக்கிறது: தட்டையான மேசையில் வைத்து எந்தப் பக்கம் எழும்பியிருக்கிறது என்று பார்த்து, ஹேர் டிரையர் சூட்டில் எதிர்ப்பக்கம் முறுக்கிப் பிடித்து, ஆறும்வரை விடாமல் வைத்திருங்கள். மூக்கு நசுங்கினால் கொதிநீரை ஊற்றினால் நுரை பழைய வடிவத்துக்கு ஓரளவு திரும்பும், மோட்டாரை முன்பே கழற்றிவிட வேண்டும். வால் தண்டு முறிவது சகஜம். இரண்டு பக்கமும் 2 மி.மீ. கார்பன் குச்சியைப் பள்ளம் வெட்டிப் பதித்து, 5 நிமிட எபாக்ஸியில் ஒட்டினால் முன்பைவிட உறுதியாக இருக்கும்.

இறங்கும்போது தூரம் வேண்டும். ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து காற்றில்லாத நேரத்தில் 60 மீட்டருக்கு மேல் மிதந்து போகும். கண்மாய்க் கரைப் பனைமரங்களைத் தாண்டி வந்து உடனே இறக்க முடியாது. மரத்துக்கு எதிர்ப்பக்கமிருந்து வருமாறு திட்டமிடுங்கள். மணலில் இறங்குவதைத் தவிருங்கள். மூக்கிலுள்ள காற்றுத் துளைகள் வழியே மணல் மோட்டாருக்குள் போய்க் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். நம் கடற்கரை மணலில் கலந்திருக்கும் கரிய துகள்களில் காந்தத்துக்கு ஒட்டுபவை உண்டு. ஒரு பழைய சாக்கையோ தார்ப்பாயையோ விரித்து அதில் இறக்கப் பழகினால் குறி வைத்து இறங்குவதும் வசமாகும்.

நான்கைந்து பேர் சேர்ந்து பறக்கும் நாள் வைத்தால் ராடியன் அதற்கு அருமையான பொது மாடல். எல்லோரிடமும் ஒரே விமானம் என்றால் வித்தியாசம் கையில்தான். மின்மோட்டார் கிளைடர்களுக்கான சர்வதேச எஃப்5ஜே போட்டியில் மோட்டார் 30 விநாடிக்கு மேல் ஓடக்கூடாது, 10 நிமிடம் மிதக்க வேண்டும், மோட்டாரில் ஏறிய உயரத்தில் 200 மீட்டர் வரை மீட்டருக்கு அரைப் புள்ளி கழியும், குறியிலிருந்து ஒரு மீட்டருக்குள் இறங்கினால் 50 புள்ளி. நமக்கு உயர வரம்பு 120 மீட்டர் என்பதால், 15 விநாடி மோட்டார், 6 நிமிடம் மிதப்பு, 10 மீட்டர் கயிற்று வட்டத்துக்குள் இறக்கம் என்று சுருக்கிக்கொள்ளலாம். உயரத்தைப் பதிவு செய்யும் சின்னக் கருவியை ரிசீவருக்கும் இஎஸ்சிக்கும் நடுவில் மாட்டினால் வாக்குவாதம் இருக்காது. பறக்கவிடும் ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும். பருந்து, மற்ற விமானங்கள், உயரம் மூன்றையும் அவர் பார்த்துச் சொல்லட்டும். இரண்டு விமானம் ஒரே தெர்மலில் இருந்தால் முதலில் நுழைந்தவர் எந்தப் பக்கம் சுற்றுகிறாரோ அதே பக்கம்தான் மற்றவரும் சுற்ற வேண்டும்.

வாங்குவதில் ஒரு சிக்கல். 2022 பிப்ரவரியில் முழு ட்ரோன்களையும் பிரித்த நிலையிலுள்ள ட்ரோன் செட்டுகளையும் இறக்குமதி செய்ய மத்திய அரசு தடை விதித்தது, பாகங்களுக்குத் தடையில்லை. வெளிநாட்டிலிருந்து பெட்டியாக வரவழைத்தால் சுங்கத்தில் கேள்வி வரலாம். எனவே உள்நாட்டில் இருப்பதை, அதிலும் பெரும்பாலும் பயன்படுத்தியதை வாங்க நேரிடும். அப்படி வாங்கும்போது, கார்பன் குழாயை விரலால் தடவி நீளவாக்கில் விரிசல் இருக்கிறதா பாருங்கள். இறக்கையை மேசைமேல் வைத்து முறுக்கம் பாருங்கள். வால் தண்டில் பசைக்கோடு இருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், ஆனால் ஒதுக்க வேண்டாம். மோட்டாரைப் பிடித்து முன்பின் ஆட்டினால் மூக்குத் தகடு ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் எபாக்ஸியில் மறுபடி ஒட்ட வேண்டியிருக்கும். ப்ரொப்பெல்லரைக் கையால் மெல்லச் சுற்றுங்கள், கரகரவென்றால் மணல். உப்பிய பேட்டரியை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அசல் ப்ரொப்பெல்லர் கிடைக்காதபோது 10 × 6 அளவில் வேறு நிறுவன மடங்கு இலைகளைப் போடலாம், தண்டுக்குப் பொருந்தும் ஹப்போடு சேர்த்து. முதல் முறை வாட்மீட்டர் மாட்டி முழு த்ராட்டிலில் 25 ஆம்பியரைத் தாண்டவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இஎஸ்சி 30 ஆம்பியர்தான், நம்மூர் வெயிலில் அதற்கு இடைவெளி வேண்டும்.

கச்சான் மாதங்களிலும் பறக்கவிட வேண்டும், மாலையிலும் பறக்கவிட வேண்டும் என்றால் ராடியனுக்குப் பதிலாக விமானத்தைச் சாய்க்கும் இறக்கைப் பலகையான எய்லரான், ஃப்ளாப் இரண்டும் உள்ள, பிளாஸ்டிக் உடல் கொண்ட வோலான்டெக்ஸ் ஃபீனிக்ஸ் 2400 வகையைப் பாருங்கள். கனமானது, வேகமானது, ஃப்ளாப்பை இறக்கிக் குறுகிய இடத்திலும் இறக்கலாம். தெர்மலின் சின்ன அசைவு அதில் தெரியாது, தானே நிமிரும் குணமும் கிடையாது. பழகியவர் கைக்கு அது. முதல் கிளைடர் என்றால், மாசி மாதம் காய்ந்த கண்மாயில் ஏழு மணிக்கு நிற்க முடியும் என்றால், ராடியனையே வாங்குங்கள். அதோடு சேர்த்து வாங்க வேண்டியவை: கூடுதல் ப்ரொப்பெல்லர் இலை ஒரு ஜோடி, ஃபைபர் டேப் ஒரு சுருள், 5 நிமிட எபாக்ஸி, சிலிக்கான் குழாய் அரை மீட்டர், ஒரு இறக்கையின் அடிப்பக்கம் ஒட்டக் கறுப்பு டேப். வெளுத்த நம் வானத்தில் வெள்ளை இறக்கை கண்ணுக்குத் தப்பிவிடும். ஒரு பக்கம் மட்டும் கறுத்திருந்தால் விமானம் வருகிறதா போகிறதா என்பது 200 மீட்டர் தள்ளியும் தெரியும்.